குலமா, கூலியா?

மானிடவியல் எதை ஆராய்கிறது? ஆப்பிரிக்கத் தாமிரச் சுரங்கங்கள் தரும் பாடம்

(தொழிலாளர் படிப்பு வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மானிடவியல். பெயரைக் கேட்டதும், "இது காலேஜ் வாத்தியார்களின் சமாச்சாரம், ஆலையில் நூல் நூற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வேலை?" என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. ஏனென்றால் இந்தச் சாஸ்திரம் நெடுங்காலம் ஆராய்ந்தது ராஜாக்களையும் மந்திரிகளையும் அல்ல. உழுகிறவனை, மாடு மேய்க்கிறவனை, சுரங்கத்தில் இறங்குகிறவனைத்தான். நம்மைப் போன்றவர்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதினார்கள், யார் செலவில் எழுதினார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மானிடவியலுக்குப் பல கிளைகள் உண்டு. மண்டை ஓட்டையும் எலும்பையும் வைத்து மனித உடலின் வரலாற்றை ஆராய்வது ஒரு கிளை. அதை இன்று விட்டுவிடுவோம். மனிதர்கள் கூடி வாழும் முறையை ஆராய்வதுதான் சமூக, கலாசார மானிடவியல். யார் யாரை மணக்கலாம், யாருடைய சொத்து யாருக்குப் போகும், எதைச் சாப்பிடுகிறார்கள், எப்படி உழைக்கிறார்கள், யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள், எதைக் கொண்டாடுகிறார்கள், சண்டை வந்தால் யாரிடம் போகிறார்கள் என்பவை இதன் கேள்விகள். இதற்கு ஒரு வழிமுறையும் உண்டு. ஆராய்ச்சியாளர் அந்த ஊருக்கே போகிறார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் தங்குகிறார். அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு, கண்ணால் கண்டதை எழுதுகிறார்.

இந்தத் துறைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுச் சொன்னால் மனதில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு தேசத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் சாம்பியா. 1964-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி சுதந்திரம் அடையும் வரையில் அதற்கு வடக்கு ரொடீஷியா என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தேசம். உலகத்தின் பெரிய தாமிரச் சுரங்கங்களில் சில அங்கே இருக்கின்றன. அந்தச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றியும், அவன் விட்டு வந்த கிராமத்தைப் பற்றியும் மானிடவியலார் எழுதியதைப் போல வேறு தொழிலாளிகளைப் பற்றி எழுதியது குறைவு.

மாமனும் சித்தப்பாவும்

முதலில் உறவுமுறை. மானிடவியலின் மிகப் பழைய துறை இது. இதன் பிறப்பில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒரு வக்கீல் இருந்தார். அங்கே இரோகுவாய் என்ற செவ்விந்திய மக்களோடு பழகினார். அவர்கள் தகப்பனுடைய சகோதரனையும் தகப்பன் என்றே அழைத்தார்கள். தாயின் சகோதரனுக்கு மட்டும் வேறு பெயர். வெள்ளைக்காரருக்கோ இருவரும் 'அங்கிள்'தான்! மார்கனுக்கு ஒரே வியப்பு. 1859-ல், ஆற்காட்டு மிஷனில் வேலை செய்த ஸ்கடர் என்ற பாதிரியார் அமெரிக்கா வந்திருந்தபோது, தமிழரின் உறவுமுறையை அவரிடம் விசாரித்தார். தகப்பனின் சகோதரர்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும், தாயின் சகோதரனோ மாமன். சித்தப்பா பிள்ளை அண்ணன் தம்பி, மாமன் பிள்ளையோ மச்சான் என்ற கணக்கு, இரோகுவாய் மக்களின் கணக்கோடு பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. பல தேசங்களின் உறவுப் பெயர்களைத் திரட்டி 1871-ல் அவர் பெரும் புத்தகம் வெளியிட்டார். இந்த ஒற்றுமையைக் கொண்டு செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நிரூபிக்கப் பார்த்தார். அந்த நிரூபணம் நிற்கவில்லை. ஒரே மாதிரி உறவுமுறை உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்ற முடியும். ஆனால் உறவு என்பது ரத்தம் மட்டுமல்ல, சமூகம் போடும் கணக்கும்கூட என்ற உண்மை நின்றது. மார்கனின் பிற்கால நூலை மார்க்ஸ் குறிப்பெடுத்துப் படித்தார். 1884-ல் எங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதிய நூலுக்கு அதுவே பெரிய ஆதாரமாயிற்று.

வடக்கு ரொடீஷியாவின் பெம்பா மக்களிடமோ தாய்வழி முறை இருந்தது. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. மாமனுக்கு அதிகாரம் அதிகம். கல்யாணம் செய்துகொள்ளும் இளைஞன் மனைவியின் ஊருக்குப் போய், மாமனார் வீட்டுக்கு வருஷக்கணக்கில் உழைத்துத் தர வேண்டும். அந்த உழைப்பே அவன் தரும் பரிசம். சுரங்கம் வந்தது, கையில் காசு வந்தது. உடனே உழைப்புக்குப் பதில் பணம் கொடுக்கும் வழக்கம் புகுந்தது. சுரங்கக் கம்பெனி கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் கல்யாணம் மாறிற்று! உறவுமுறையைத் தனியாகப் பிரித்துப் படிக்க முடியாது, பிழைப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

வரி கட்டக் காசு எங்கே?

இரண்டாவது துறை, பிழைப்பும் உணவும். 1930-களின் தொடக்கத்தில் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி பெம்பா கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். அந்த ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எந்த மாதத்தில் பட்டினி என்று அளந்து எழுதினார். நிலம், உழைப்பு, உணவு ஆகிய மூன்றையும் இணைத்து அவர் எழுதிய நூல் 1939-ல் வெளிவந்தது.

பெம்பா மக்களின் உணவு கேழ்வரகு. மாவைக் கெட்டியாகக் கிளறிக் களியாக்கி, தொட்டுக்கொள்ள ஏதாவது வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். வேறு எது தின்றாலும், களி தின்னாவிட்டால் சாப்பிட்டதாகவே அவர்கள் எண்ணுவதில்லை. கேழ்வரகு விளைவிக்கும் முறை இது: ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளைகளை வெட்டித் தள்ளுவார்கள். பெண்கள் அவற்றைச் சுமந்துவந்து நடுவில் குவிப்பார்கள். மழைக்கு முன் தீ வைப்பார்கள். அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். சாம்பல்தான் உரம். நாலைந்து வருஷத்துக்குப் பின் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இப்போது சர்க்கார் என்ன செய்தது? வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் வரி கட்ட வேண்டும், அதையும் நாணயமாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேழ்வரகை வாங்க ஆளில்லாத காட்டில் நாணயம் எங்கிருந்து வரும்? சுரங்கத்திலிருந்துதான். ஆக, ஒருவனையும் கயிறு கட்டி இழுக்காமலே சுரங்கத்துக்கு ஆள் கிடைத்தது. சில கிராமங்களில் ஆண்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. மரம் ஏறிக் கிளை வெட்ட ஆளில்லை. தோட்டம் சுருங்கிற்று. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் பசி நீண்டது. "இந்த ஜனங்கள் சோம்பேறிகள், ஒழுங்காகப் பயிர் செய்யத் தெரியாதவர்கள்" என்று பேசிய வெள்ளைக்காரர் பலர். ரிச்சர்ட்ஸ் கண்டதோ வேறு. பசிக்கும் சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. பசிக்கிறவனிடம் ஓடியாட வலுவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் ஹென்ரியட்டா மூர், மேகன் வாகன் என்ற இரு பெண்கள் அதே பகுதியை மறுபடி ஆராய்ந்து 1994-ல் எழுதினார்கள். ஆண்கள் போனதும் எல்லாம் இடிந்து விழுந்துவிடவில்லை. பெண்கள் மரவள்ளி வைத்தார்கள், வேறு வகைத் தோட்டம் போட்டார்கள், குடும்பத்தைத் தாங்கி நின்றார்கள் என்று காட்டினார்கள். கிராமத்துப் பெண்ணின் உழைப்பைக் கண்ணில் படும்படி எழுத இத்தனை வருஷம் ஆயிற்று!

விருந்தாளி அல்ல, தொழிலாளி

மூன்றாவது துறை, நகரமும் தொழிலும். 1937-ல் ரோட்ஸ்–லிவிங்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் என்ற ஸ்தாபனம் அங்கே அமைக்கப்பட்டது. அதன் முதல் டைரக்டர் காட்ஃப்ரி வில்சன். அவர் புரோக்கன் ஹில் என்ற ஈயச் சுரங்க நகரத்தில் ஆராய்ச்சி தொடங்கினார்.

அந்நாளில் கம்பெனிகளும் சர்க்காரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்: "ஆப்பிரிக்கன் கிராமத்தான். நகரத்துக்குச் சில மாதம் விருந்தாளியாக வருகிறான். சம்பாதித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறான். ஆகவே அவனுக்குக் குடும்பக் கூலி வேண்டாம், குடும்ப வீடு வேண்டாம், வயதான காலத்துக்குப் பென்ஷனும் வேண்டாம். பெண்டாட்டி பிள்ளைகளைக் கிராமம் பார்த்துக்கொள்ளும்." எவ்வளவு சௌகரியமான சித்தாந்தம்!

வில்சன் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று, அதில் நகரத்தில் எத்தனை, கிராமத்தில் எத்தனை, எவ்வளவு கூலி, எதற்குச் செலவு என்று கேட்டார். பெரும்பாலோர் ஊரை விட்டு வந்த பின் தம் காலத்தின் பெரும்பகுதியை நகரத்திலேயே கழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் விருந்தாளிகள் அல்ல, தொழிலாளிகள். ஒண்டிக்கட்டைக்குப் போடும் கூலியைக் குடும்பஸ்தனுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கிராமத்தின் வயிற்றில் அடித்து ஈடுகட்டுகிறார்கள் என்பது அந்தக் கணக்கிலிருந்து தானே விளங்கும்.

பிறகு என்ன நடந்தது? சுரங்க நிர்வாகம் அவருக்குக் கதவைச் சாத்தியது. வில்சன் யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுக்கும் கொள்கையுடையவர், அதுவும் சேர்ந்துகொண்டது. 1941-ல் அவர் பதவியை விட்டார். 1944-ல் காலமானார். அவர் எழுதிய இரு சிறு நூல்கள் 1941-லும் 1942-லும் வெளிவந்தன. இன்றும் படிக்கப்படுகின்றன.

மூப்பர்கள் எங்கே ஓடினார்கள்?

இனி நமக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருவோம்: அதிகாரம். அதாவது, தொழிலாளியின் சார்பில் பேச யாருக்கு உரிமை என்ற கேள்வி.

லுவான்ஷ்யா என்ற ஊரில் ரோன் ஆன்டிலோப் சுரங்கம் இருந்தது. பல குலத்தவர், பல பாஷைக்காரர்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். கம்பெனி கட்டிய லயன் வீடுகள், கம்பெனி அளக்கும் படி, கம்பெனிப் போலீஸ். 30 ஷிப்டு முடித்தால் ஒரு டிக்கெட், அதற்குத்தான் கூலி. இவர்களைக் கட்டி மேய்க்க நிர்வாகம் 1931-ல் ஒரு யோசனை செய்தது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மூப்பர். குலத்தார் தங்களில் பெரியவர் ஒருவரைப் பொறுக்குவார்கள். லயனில் சில்லறைச் சண்டை வந்தால் அவர் தீர்ப்பார். புதிதாக வந்தவனுக்கு இடம் காட்டுவார். நிர்வாகத்தின் சேதியை ஜனங்களிடம் சொல்வார். ஜனங்களின் குறையை நிர்வாகத்திடம் சொல்வார். பார்வைக்கு நல்ல ஏற்பாடுதான். ஊர் வழக்கத்தை மதிப்பது போலவும் தோன்றும்.

1935 மே மாதத்தில் பரீட்சை வந்தது. சுரங்க நகரங்களில் வரியை 12 ஷில்லிங் 6 பென்சிலிருந்து 15 ஷில்லிங்காக உயர்த்திவிட்டதாகத் திடீரென்று அறிவித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மேல்மட்டத் தொழிலாளிக்கு அது ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. முஃபுலிராவில் வேலை நிறுத்தம் வெடித்தது. ன்கானாவுக்குப் பரவிற்று. மே 29-ல் லுவான்ஷ்யாவுக்கு வந்தது. அங்கே சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. கூட்டம் காம்பவுண்டு ஆபீசைச் சூழ்ந்தது. போலீஸ் சுட்டது. 6 தொழிலாளிகள் மாண்டார்கள்.

அந்த நேரத்தில் குலமூப்பர்கள் எங்கே இருந்தார்கள்? ஆபீசுக்குள்ளே, வெள்ளைக்கார அதிகாரிகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார்கள்! வெளியே நின்ற கூட்டம் அவர்களையும் நிர்வாகத்தின் ஆட்கள் என்றே ஏசியது. தன் குலத்து மூப்பர் என்று ஒருவனும் பார்க்கவில்லை.

இதிலிருந்து நிர்வாகமும் சர்க்காரும் என்ன கற்றார்கள்? மூப்பர் முறையை மற்றச் சுரங்கங்களுக்கும் விஸ்தரித்தார்கள்!

1940-ல் மறுபடியும் பரீட்சை. முதலில் வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது; தேர்ச்சி வேலை எதுவும் ஆப்பிரிக்கனுக்குப் போகாமல் நிறவேலியும் போட்டிருந்தார்கள். இதைக் கண்ட ஆப்பிரிக்கத் தொழிலாளிகள் ன்கானாவிலும் முஃபுலிராவிலும் வேலையை நிறுத்தினார்கள். முஃபுலிராவில் மூப்பர்களை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள்ளே ஒரு கமிட்டி தேர்ந்தெடுத்தார்கள். ன்கானாவில் ஏப்ரல் 3-ஆம் தேதி துருப்புகள் சுட்டன. 17 பேர் உயிரிழந்தார்கள்.

இத்தனை ரத்தத்துக்குப் பின்னர், 1949-ல்தான் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒன்றுபட்ட சங்கமாக அமைந்தது. லாரன்ஸ் கட்டிலுங்கு அதன் தலைவர். 1952 அக்டோபரில் மூன்று வாரம் வேலை நிறுத்தம் செய்து, நடுவர் தீர்ப்பின் மூலம் நல்ல கூலி உயர்வு பெற்றார்கள். உடனே சங்கம் கேட்டது: "எங்களுக்குச் சங்கம் இருக்கிறது. குலப் பிரதிநிதி எதற்கு? ஒரு வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மறு வாசலில் மூப்பரைக் கூப்பிட்டுப் பேசுவது எதற்கு?" 1953-ல் வாக்கெடுப்பு நடந்தது. தொழிலாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் குலப் பிரதிநிதி முறையை ஒழிக்க ஓட்டுப் போட்டார்கள். அந்த முறை ஒழிந்தது.

அதே ஆள், வேறு வாசல்

அந்தச் சமயத்தில் லுவான்ஷ்யாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் ஏ. எல். எப்ஸ்டைன். அவர் நூல் 1958-ல் வந்தது. "குலம் செத்தது, வர்க்கம் பிறந்தது" என்று இரண்டு வார்த்தையில் அவர் கதையை முடிக்கவில்லை. அவர் கண்ட மூன்று விஷயங்களை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

முதல் விஷயம்: சுரங்கக் காம்பவுண்டில் வேலை, வீடு, படி எல்லாம் ஒரே கம்பெனியின் கையில். ஆகவே அங்கே எந்தக் குறை வந்தாலும் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள தகராறாகவே வந்து நிற்கும். அதில் குலமூப்பருக்கு இடமில்லை. பக்கத்திலேயே முனிசிபாலிடியின் குடியிருப்பு. அங்கே ஆயிரம் முதலாளிகளிடம் ஆயிரம் வேலை. அங்கே மூப்பர்களுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருந்தது.

இரண்டாவது: கூலி விஷயத்தில் மூப்பரை ஓட்டுப்போட்டு விரட்டிய அதே தொழிலாளி, பெண்டாட்டியோடு தகராறு வந்தால் குல வழக்கப்படி தீர்ப்புச் சொல்லும் நகர நீதிமன்றத்துக்குத்தான் போனான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கிராமத்துத் தலைவர்கள் அனுப்பிய பெரியவர்கள். இது இரட்டை வேஷமா? இல்லை. பரிசப் பணத்துக்கும் பிள்ளை உரிமைக்கும் சங்கத்தில் விடை இல்லை. கூலிக்கும் ஷிப்டுக்கும் மூப்பரிடத்தில் விடை இல்லை. எந்த வாசலில் எது கிடைக்கும் என்று உழைப்பாளிக்குத் தெரியும்.

மூன்றாவது, மிகக் கசப்பானது: சங்கத்துக்குள்ளேயே குலப்பேச்சு திரும்பி வந்தது. சங்கத் தேர்தல்களில், "நியாசாலாந்துக்காரர்களும் லோசிகளும் பதவிகளைப் பிடித்துக்கொண்டார்கள், பெம்பாக்களுக்கு ஒன்றுமில்லை" என்று புகைச்சல். எப்ஸ்டைன் இதைத் தோண்டிப் பார்த்தார். நியாசாலாந்துக்காரர்களுக்கு மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு முன்பே கிடைத்திருந்தது. அவர்கள் ஆபீசில் குமாஸ்தாக்கள். பெம்பாக்களில் பெரும்பாலோர் பூமிக்கடியில் பாறை வெட்டுகிறவர்கள். குலத்தின் பெயரால் வந்த சண்டைக்கு அடியில், பேனாவுக்கும் கடப்பாறைக்கும் உள்ள தூரம் இருந்தது.

இதை நிர்வாகமும் கவனித்தது. மாதச் சம்பளக்காரர்களுக்குத் தனிச் சங்கம் அமைய ஊக்கம் கொடுத்தது. 1955-ல் 58 நாள் வேலை நிறுத்தம் நடந்தது. மறு வருஷம் சுரங்கம் சுரங்கமாக அலையலையாக வேலை நிறுத்தம். 1956 செப்டம்பரில் சர்க்கார் அவசர நிலைமை அறிவித்துப் பல சங்கத் தலைவர்களைக் காவலில் வைத்தது. மூப்பரை வைத்துப் பிரிக்க முடியாததைச் சம்பளப் பட்டியலை வைத்துப் பிரித்தார்கள்!

ஒன்று நினைவிருக்கட்டும். அங்கே உள்ள குலமும் இங்கே உள்ள சாதியும் ஒன்றல்ல. பிறப்பினால் மேல் கீழ், தீட்டு என்ற ஏற்பாடு அந்தக் குலங்களுக்கு நடுவே இல்லை. ஆகவே அங்கே கண்டதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: குலத்தின் பெயரால் ஒரு சண்டை வரும்போது, அதற்கு அடியில் எந்த வேலை, எந்தச் சம்பளம், எந்தப் படிப்பு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

ஆட்டமும் சடங்கும் மானிடவியலின் இன்னொரு துறை. இதே லுவான்ஷ்யாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கலேலா என்று ஓர் ஆட்டம் நடக்கும். கிளைட் மிட்செல் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி 1956-ல் ஒரு சிறு நூல் எழுதினார்.

ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பீசா குலத்து இளைஞர்கள், சுரங்கத்தில் எடுபிடி வேலை பார்க்கிறவர்கள். குல ஆட்டம் என்றதும் தோலும் இறகும் கட்டிக்கொண்டு ஆடுவார்கள் என்று நினைப்போம். அதுதான் இல்லை! சலவை செய்த கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ், வாரிவிட்ட தலை. ஆட்டக் குழுவுக்கு ஒரு 'ராஜா'. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு 'டாக்டர்'. வெள்ளை உடுப்பில் ஒரு 'நர்ஸ்'; ஆடுகிறவர்களிடம் கண்ணாடியும் கைக்குட்டையும் கொண்டு போய் முகம் துடைத்துக்கொள்ளச் சொல்வாள். பாட்டோ சொந்தக் குலத்தைப் புகழும், மற்றக் குலங்களைக் கேலி செய்யும். கேலி செய்யப்பட்டவர்கள் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள்.

மிட்செல் இதில் கண்டது என்ன? ஆயிரக்கணக்கான அந்நியர்கள் ஒன்றாக வந்து விழுந்த நகரத்தில், "இவன் யார்?" என்று சட்டென்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. அதற்குக் குலப்பெயர் உதவுகிறது. கிராமத்தில் குலம் என்றால் நிலம், தலைவன், கட்டுப்பாடு. நகரத்திலோ அது ஒரு மேல்விலாசம். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. அதோடு அந்தக் கோட்டும் பூட்ஸும், எட்ட முடியாத உயரத்தில் இருக்கும் வாழ்வின் மீதுள்ள ஆசை என்றார்.

கூலி கொடுத்தவன் யார்?

இனி இந்தச் சாஸ்திரத்தையே நாம் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

ரோட்ஸ்–லிவிங்ஸ்டன் நிலையத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் சர்க்காரும் உண்டு, சுரங்கக் கம்பெனிகளும் உண்டு. உண்மையை எழுதியவர்கள் அங்கே இருந்தார்கள். வில்சன் அதற்கு விலையும் கொடுத்தார். ஆனாலும் பெர்னார்ட் மகுபானே என்ற தென்னாப்பிரிக்கக் கறுப்பின அறிஞர் 1971-ல் ஒரு கட்டுரையில் மிட்செலையும் எப்ஸ்டைனையும் நேராகக் கேட்டார்: கறுப்பன் கோட்டுப் போடுகிறான், ஐரோப்பியனைப் போலாகிறான் என்று அளந்துகொண்டிருக்கிறீர்களே, அவன் நிலத்தைப் பறித்ததை, வரி போட்டுச் சுரங்கத்துக்கு விரட்டியதை, நிறவேலியை ஏன் ஆராய்ச்சியின் நடுவில் வைக்கவில்லை? ஆட்டத்தைப் பார்த்தீர்கள், ஆட்டுவித்தவனைப் பார்த்தீர்களா? இந்தக் கேள்வி முற்றிலும் நியாயம். மகுபானே சொன்னபடி எல்லாமே குறை என்று தள்ளவும் முடியாது. 1935-லும் 1953-லும் லுவான்ஷ்யாவில் நடந்ததை நாம் இன்று அறிவது எப்ஸ்டைன் எழுதி வைத்ததாலும்தான்.

வேலை செய்தவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. வீடு வீடாகப் போய் விசாரித்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், இரவெல்லாம் எழுதியவர்கள் ஆப்பிரிக்க உதவியாளர்கள். புத்தக அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. 2001-ல் லின் ஷூமேக்கர் எழுதிய வரலாறுதான் அவர்கள் பங்கை விரிவாக எடுத்துச் சொன்னது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. காத்லீன் கஃப் என்ற மானிடவியல் அறிஞர் 1951 முதல் 1953 வரை தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் தங்கிப் பண்ணையாட்களின் வாழ்வை ஆராய்ந்தார். 1976-ல் மறுபடி அதே கிராமங்களுக்கு வந்து என்ன மாறிற்று, என்ன மாறவில்லை என்று பார்த்தார். நடுவே, 1968-ல், மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்த சாஸ்திரம் என்பதைத் தம் துறையினர் முகத்துக்கு நேரே எழுதினார். வெளியாரின் பழியை விட, உள்ளேயிருந்து வந்த இந்தப் பேச்சு அதிகம் உறைத்தது.

திரும்பிப் போனவர்கள்

சுதந்திரம் வந்தது. 1969-ல் சுரங்கங்களில் பெரும்பங்கைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. இனி வாழ்வு மேலே மேலே போகும் என்று தொழிலாளி நம்பினான். 1970-களின் நடுவில் தாமிரத்தின் விலை உலகச் சந்தையில் விழுந்தது. ஜேம்ஸ் பெர்குசன் என்பவர் 1980-களில் கிட்வே நகரத்தில் ஆராய்ந்து 1999-ல் எழுதினார். அவர் கண்டது இது: வேலை போனவர்களும் ஓய்வு பெற்றவர்களும் நகரத்தில் இருக்க வழியில்லாமல் கிராமத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. வேலை செய்த காலத்தில் ஊர் உறவை மதித்து, கடிதம் போட்டு, காசு அனுப்பியவனுக்குக் கிராமத்தில் ஒரு மூலை கிடைத்தது. "நான் நகரத்தான்" என்று தோளை உயர்த்தி நடந்தவனை உறவினர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. லுவான்ஷ்யா சுரங்கம் 1997-ல் ஓர் இந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2000-ல் அது கடனில் மூழ்கி ரிசீவர் கைக்குப் போயிற்று.

பாருங்கள்! வில்சன் 1940-ல் "இவர்கள் நகரத்துத் தொழிலாளிகள்" என்று நிரூபித்தார். அது உண்மை. ஆனால் பென்ஷன் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியில் குலமும் கிராமமும்தான் பென்ஷன். அதனால்தான் அவன் அவற்றை விடவில்லை. பழமைப் பித்தால் அல்ல, அறியாமையால் அல்ல.

தோழர்களே! நாம் கேட்டதைச் சுருக்கிக்கொள்வோம். உறவு, உணவு, உழைப்பு, அதிகாரம், ஆட்டம் என்று மானிடவியல் பிரித்து வைத்திருக்கும் துறைகள் வாழ்க்கையில் தனித்தனியாக இல்லை. பெம்பாப் பெண்ணின் களிப் பானையையும், அவள் புருஷனின் டிக்கெட்டையும், அவர்கள் மகனின் கல்யாணத்தையும் ஒரே வரி உத்தரவு தொட்டது. குலம் என்பது கல்லில் செதுக்கியதல்ல. சுரங்க வாசலில் உதிரும், நீதிமன்றத்தில் முளைக்கும், சங்கத் தேர்தலில் வேறு வேஷத்தில் வரும், வேலை போன அன்று கைத்தடியாக நிற்கும். அதை உதிர்ந்துவிட்டது என்று நினைக்கிறவனும் ஏமாறுவான். மாறாதது என்று நினைக்கிறவனும் ஏமாறுவான்.

நம் ஊருக்கும் நோட்டுப் புத்தகத்தோடு யாராவது வருவார்கள். வந்தால் விரட்ட வேண்டாம். உட்கார வைத்து, இருப்பதைச் சொல்லுங்கள். கூடவே நாமும் நாலு கேள்வி கேட்போம். இந்தக் கேள்விகளை எழுதியது யார்? செலவு யாருடையது? எழுதியதை எங்கள் பாஷையில் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா? எங்களை அளக்கிற நீங்கள், எங்களுக்குக் கூலி போடுகிறவரையும் அளப்பீர்களா? இந்த நாலுக்கும் நேரான பதில் சொல்கிறவரோடு ஒரு வருஷம் அல்ல, பத்து வருஷம் பேசலாம். அவர் எழுதும் புத்தகம் நமக்கும் உதவும்.